பேர் சொல்லாத ஜெபம்

இந்த இடத்துக்கு ஆள் வருதாம்மா? இல்லையா, அப்போ கொஞ்சம் உள்ளே தள்ளிக்கோ. சாத்தான்குளத்திலிருந்து நின்னுக்கிட்டே வர்றேன். நல்ல சேலை வேற. தூத்துக்குடி போய் இறங்குறதுக்குள்ள தரை துடைக்கிற துணியா ஆயிரும் போலிருக்கு. ஸ்தோத்திரம், ஆண்டவர் இடம் கொடுத்தார். உன் மூலமாத்தான் கொடுத்தார், அதனால உனக்கும் நன்றி.

என் பேர் கனகமெர்சி. ஊர் கிருபாபுரம். கேள்விப்பட்டிருக்க மாட்டே. ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், மிச்சமெல்லாம் பனைமரமும் சொந்தக்காரங்களும். நான் அதிகம் பேசுற ஆள் இல்லை. அப்படிப் பார்க்காதே, நிஜமாத்தான் சொல்றேன். இந்த வருஷம் லெந்து நாட்கள் தொடங்கினதிலிருந்து ஊர்க்கதைன்னு ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை.

லெந்து தெரியும்லா? ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். அந்த நாட்கள்ல எங்க சபையில ஆளுக்கொரு ஆசையை விட்டுருவாங்க. ஒருத்தர் மீனை விடுவார், ஒருத்தர் காபியை விடுவார், பொம்பளைங்க சீரியலை விடுவாங்க. எங்க பக்கம் சபைக் குருவை ஐயர்னுதான் சொல்லுவோம். எங்க சாந்தராஜ் ஐயர் லெந்து தொடங்குற சாம்பல் புதன் ஆராதனையில, "பிடிச்சதை விடுங்க. சுகர் இருக்கிறவங்க சீனியை விட்டுட்டேன்னு வந்து சாட்சி சொல்ல வேண்டாம்"னார். எல்லாரும் தேவநேசன் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்தார்.

நான் வீட்டுக்கு வந்து முழங்கால்ல நின்னு, ஆண்டவரே நான் எதை விடணும்னு கேட்டேன். மீன்னு சொல்லிருவாரோன்னு பயம். சாளை கொழுகொழுன்னு வந்துக்கிட்டிருந்த சமயம். ஆனா மனசுக்குள்ள தெளிவா ஒரு சத்தம்: கனகம், நாக்கை விடு.

மீனே தேவலைன்னு தோணிச்சு. ஆனாலும் கீழ்ப்படிஞ்சேன்.

எவ்வளவு சோதனை தெரியுமா? மாவு மில்லுக்குப் போனா, "கனகத்தக்கா, தபால்காரர் பொண்டாட்டி தாய் வீட்டுக்குப் போனவ இன்னும் திரும்பலையாமே, என்ன விஷயம்?"ன்னு கேட்பாங்க. விஷயம் என்னன்னா மாமியார் புதுசா வாங்கின ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டுட்டா. அது எனக்குத் தெரியும். ஆனா சொன்னேனா? சொல்லலை. ஒரு கிராம்பை எடுத்துக் கடைவாயில் வச்சுக் கடிச்சுக்கிட்டேன். யார் எதைக் கேட்டாலும் கிராம்புதான். கடைக்காரர், "உங்களுக்குப் பல்லுல என்ன கோளாறு?"ன்னு கேட்கிற அளவுக்குக் கிராம்பு செலவாச்சு.

ஆனா ஜெபம் வேற. அது மனுஷங்ககிட்டப் பேசுறது இல்லையே! ஆண்டவர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு தாலந்து கொடுத்து அனுப்பியிருக்கார். என் ஓரகத்தி எமிலிக்கு முந்திரிக்கொத்துப் பலகாரம் சுடுறது. எனக்கு ஜெபம். எங்க ஊர்ல போர் போட்டாலும், பிள்ளை பரீட்சைக்குப் போனாலும், புது பைக் வாங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. எல்லாரும் கஷ்டத்தை என்கிட்டச் சொல்லித்தான் ஜெபம் கேட்பாங்க. அப்போ அதை ஆண்டவர்கிட்ட விவரமாச் சொல்லணுமா இல்லையா? லெந்து வெள்ளிக்கிழமைகள்ல வீட்டு வீட்டுக்கு ஜெபக்கூட்டம். முடிவு ஜெபம் என்னுடையது.

"அன்பின் பிதாவே, கோயில் மணி அடிக்கிற உமது ஊழியன் செல்லையாவை நினைத்தருளும். சாயங்காலமானால் அவன் எந்த பஸ்ஸில் ஏறுகிறான், எந்தக் கடைக்கு முன்னால் இறங்குகிறான் என்பதை நீர் அறிவீர். திரும்பி வருகையில் அவன் பாக்கு மெல்லுவது எந்த வாசனையை மறைக்க என்பதையும் நீர் அறிவீர். தபால்காரர் வீட்டு ஃப்ரிட்ஜின் பூட்டை நீரே திறந்தருளும்…"

இப்படித்தான். மனசு உருகிப் பண்ணுவேன். முதல் வெள்ளிக்கிழமை ஒரு பாய் விரிச்சதே போதுமா இருந்தது. போகப்போக முற்றமெல்லாம் ஆள். ஆம்பளைங்க ஜன்னலுக்கு வெளியே நின்னாங்க. தேவநேசன் வாத்தியார் ஜெபக்கூட்டத்துக்கு வர்றதை அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை, அவர் முதல் ஆளா வந்து முன்னாலே உட்கார்ந்தார். பாட்டுக்கு வரமாட்டாங்க, பிரசங்கத்துக்கு வரமாட்டாங்க, சரியா என் ஜெபத்துக்கு வந்துருவாங்க. நானே ஐயர்கிட்டப் போய், "ஐயரே, நம்ம சபையில எழுப்புதல் வந்துட்டு, ஜனங்களுக்குப் பக்தி பொங்குது"ன்னு சொன்னேன். அவர் முகம் ஏன் அப்படிப் போச்சோ.

அடுத்த ஞாயித்துக்கிழமை அறிவிப்பு. இனிமே ஜெபத்துல யார் பேரையும் சொல்லக் கூடாது, ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. அறிவிப்பு சபைக்கு, பார்வை எனக்கு.

விடுவேனா? ஆராதனை முடிஞ்சதும் போய்க் கேட்டேன்.

"ஐயரே, நம்ம ஊர்ல செல்லையா மட்டும் நாலு பேர். பேர் சொல்லலைன்னா ஆண்டவர் எந்தச் செல்லையாவைத் திருத்துவார்?"

"அவருக்கு அடையாளம் தெரியும்மா."

"அவருக்குத் தெரியும். ஆனா குடிக்கிறது ஒருத்தர்தானே? மத்த மூணு பேருக்கும் பேர் கெட்டுரக் கூடாதுல்லா?"

"நீங்க சொல்லாம இருந்தா நாலு பேருக்குமே கெடாது."

படிச்சவர். பேச்சுல மடக்கிட்டார். சரி, அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னு வந்துட்டேன். வருத்தம் இருந்தது, இல்லைன்னு சொல்லமாட்டேன். உனக்குப் பாடத் தெரியும்னு வச்சுக்கோ, பாடு, ஆனா வார்த்தை இல்லாமப் பாடுன்னா எப்படி இருக்கும்?

அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கும்மா, காத்து தலையைக் கலைக்குது. ஆ, போதும்.

அந்தச் சமயத்துலதான் எமிலி வந்தாள், டப்பா நிறைய முந்திரிக்கொத்தோட. அவள் வீட்டுக்காரர் பாக்கியதுரை என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், மஸ்கட்டுல இருக்கார். ஒரே மகள் ஹெப்சிபா. என்னைப் பெரியம்மான்னு கூப்பிடும். தங்கமான பிள்ளை, அவ அம்மா சாயல் கொஞ்சமும் கிடையாது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை ஹெப்சியைப் பார்க்க வாறாங்க. தூத்துக்குடி. பையன் பேரு ஜெரால்டு. ஹார்பர்ல வேலை."

"ஸ்தோத்திரம். லெந்துலயா?"

"பார்க்க மட்டுந்தான். நிச்சயமெல்லாம் ஈஸ்டருக்குப் பொறவு. அன்னைக்கு ஐயர் வேற சபைக்குப் போறாராம். நீங்கதான் வந்து ஜெபம் பண்ணணும்."

"என்னையா கூப்பிடுத?"

"கூப்பிடலைன்னா வாசல்ல நின்னு பண்ணுவீங்க. அதுக்கு உள்ளயே இருந்து பண்ணிட்டுப் போங்க."

பார்த்தியா பேச்சை? அப்புறம் குரலைத் தணிச்சுக்கிட்டாள். "அக்கா, பிள்ளை காதைப் பத்தி மட்டும் மூச்சு விட்டுராதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்."

ஹெப்சிக்கு இடது காது கேட்காதும்மா. சின்னதுல பொன்னுக்கு வீங்கி வந்து காய்ச்சல்ல கிடந்தப்போ போயிருச்சு. அப்போ ஜெபம் பண்ணினவ நான்தான், அதனால எனக்குத் தெரியும். ஊர்ல பலபேருக்குத் தெரியாது. வலது காது அருமையாக் கேட்கும். பிள்ளை சாமர்த்தியமாத் தலையைத் திருப்பிச் சமாளிச்சிரும், பார்க்கிறவங்க ஸ்டைல்னு நினைப்பாங்க. முன்னாடி ஒரு சம்பந்தம் வந்தப்போ எமிலி உள்ளதைச் சொன்னாள். அவங்க காபி ஆறுறதுக்குள்ள எழுந்து போயிட்டாங்க. அதிலிருந்து இவளுக்குப் பயம் பிடிச்சிருச்சு. இதுவும் போயிட்டா பிள்ளை வீட்டோட நின்னுருமோன்னு பயம். அதுல நான் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

"உன் வீட்டு ரகசியம் என் வாய் வழியா வராது"ன்னு வாக்குக் கொடுத்தேன். முந்திரிக்கொத்தும் நல்லாத்தான் இருந்தது.

ஞாயித்துக்கிழமை வந்தாங்க. பையன், பையனோட அம்மா, ஒரு தாய்மாமன். அம்மா பேர் ஜீவரத்தினம். ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்து ஓய்வு எடுத்தவங்க. வார்டுல தூங்குறவங்களை எழுப்பாமப் பேசிப் பேசிப் பழகினாங்களோ என்னவோ, அவங்களுக்குக் குரலே கிடையாது. பக்கத்துல உட்கார்ந்தாத்தான் கேட்கும். அவங்க எங்கே போய் உட்கார்ந்தாங்கங்கிறே? பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, நேரா ஹெப்சிக்கு இடது பக்கம்.

அந்தம்மா உதடு அசையுது. ஹெப்சி காபி தம்ளரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. எமிலி நடுவுல விழுந்து விழுந்து பதில் சொல்றா. அந்தம்மா முகம் சுருங்கிக்கிட்டே வந்தது. நான் காபி சரியில்லைன்னு நினைச்சேன். எமிலி வீட்டுக் காபி அப்படித்தான். எனக்குள்ளே நாக்கு குறுகுறுன்னு இருக்கு. கிராம்பைக் கடிச்சேன். வாக்கு வாக்குதான்.

தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாமே"ன்னார். ஹெப்சி தம்ளரையெல்லாம் எடுத்துக்கிட்டு அடுக்களைக்குப் போச்சு. போறப்போ என்னைக் கண்ணால கூப்பிட்டது. போனேன்.

"பெரியம்மா, ஜெபத்துல என் காதைப் பத்திச் சொல்லிருங்க."

எனக்குக் கிராம்பு தொண்டையில இறங்கிருச்சு.

"ஏட்டி, உனக்கு என்ன பிடிச்சிருக்கு? உங்க அம்மைக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"என்கிட்டயும் வாங்கிட்டாங்க. நான் வாயைத் திறந்தா அம்மா சாப்பிடாமக் கிடப்பாங்க. அதுக்காக ஆயுசு முழுக்க அந்த வீட்டுல போயித் தலையைத் திருப்பித் திருப்பி நடிக்கவா பெரியம்மா? என்னால முடியாது."

"பையன்ட்ட நீயே சொல்லேன்."

"தனியா விட்டாத்தானே? நீங்க சொன்னா யாரும் நடுவுல பேசமாட்டாங்க. எல்லாரும் கண்ணை மூடிருப்பாங்க. ஜெபத்தை நிப்பாட்ட யாருக்குத் தைரியம் வரும்?"

"உங்க அம்மை என்னைக் கொன்னுருவா."

"கொல்லமாட்டாங்க. கொஞ்ச நாள் பேசமாட்டாங்க." சிரிச்சுக்கிட்டே சொல்லுது, கண்ணுல தண்ணி நிக்குது. "நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் அம்மாட்டச் சொல்லிராதீங்க. தாங்கமாட்டாங்க."

வெளியே எமிலி கூப்பிடுறா. "அக்கா, வாங்க. பேர் சொல்லாம, நோய் சொல்லாம, சுருக்கமா."

எல்லாரும் எழுந்து நின்னாங்க. கண்ணை மூடினாங்க. நானும் மூடினேன். "அன்பின் பிதாவே…"

அதுக்கு மேல வரலைம்மா.

எனக்கு ஜெபத்துல வார்த்தை வராமப் போனது அதுதான் முதல் தடவை. எப்பவும் வாயைத் திறந்தா வார்த்தைங்க ரேஷன் கடையில நிற்கிற மாதிரி வரிசையில நிற்கும். அன்னைக்கு ஒண்ணையும் காணோம். நான் சொல்லப்போற ஒரு வார்த்தையில இந்தப் பிள்ளை வாழ்க்கை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போயிருமேன்னு பயம். செல்லையாவுக்காக ஜெபம் பண்ணினப்போ எனக்கு இப்படியெல்லாம் தோணவே இல்லை. ஏன்னு இப்பவும் தெரியலை.

எமிலி கால் விரலால என் கால் விரலை மிதிக்கிறா. தாய்மாமன் தொண்டையைச் செருமுறார். நான் பரிசுத்த ஆவியில நிறைஞ்சு நிற்கிறேன்னு பையன் நினைச்சானாம், அப்புறமாச் சொன்னான்.

கடைசியில சொன்னேன். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு ஒரு காது கேட்காது. அதை மறைக்க அவளுக்கு மனசில்லை. அவளுக்குத் துணையாக இரும். ஆமென்."

அவ்வளவுதான். பேர் சொல்லலை, கவனிச்சியா? ரெண்டு நிமிஷமும் ஆகலை. ஐயர் போட்ட சட்டம் ஒண்ணையும் நான் மீறலை.

ஒருத்தரும் ஆமென் சொல்லலை. எமிலி கண்ணைத் திறக்கவே இல்லை. திறந்தா என்னை எரிச்சிருப்பா. ஹெப்சி மட்டும் தலையை நிமிர்த்திக்கிட்டு நிக்குது.

அந்த நர்ஸம்மா என்னைப் பார்த்தாங்க. "எந்தக் காது?"ன்னாங்க.

"இடது."

குனிஞ்சு நாற்காலியைத் தூக்கினாங்க. கிளம்பப்போறாங்க, ஓரமாப் போடுறாங்கன்னு நினைச்சேன். அதைக் கொண்டுபோய் ஹெப்சிக்கு வலது பக்கம் போட்டாங்க. உட்கார்ந்தாங்க. பிள்ளையையும் கையைப் பிடிச்சு உட்கார வச்சாங்க.

"எங்க வீட்டுல ஒரு நாய் இருக்கு. உனக்கு நாய்னா பயமாம்மா?"

"இல்ல அத்தை. ரொம்பப் பிடிக்கும்."

"இதைத்தான் வந்ததிலிருந்து கேட்டுக்கிட்டிருந்தேன். நீ தம்ளரைப் பார்த்துக்கிட்டே இருந்த. திமிர் பிடிச்ச பிள்ளை போலிருக்கு, காபியைக் குடிச்சிட்டுப் போயிருவோம்னு இருந்தேன்."

எமிலிக்கு அப்போதான் கண்ணு திறந்தது. "இதைச் சொன்னா நீங்க வேண்டாம்னுருவீங்களோன்னுதான்…"ன்னு இழுத்தாள்.

"எத்தனை காதுல மருந்து ஊத்தியிருப்பேன் நான்? ஜெரால்டு பேசுற பேச்சுக்கு ஒரு காதே அதிகம்"னாங்க அந்தம்மா. பையன் எழுந்து வந்து, "வலது பக்கம் அம்மா பிடிச்சிட்டாங்க. நான் எங்கே உட்கார?"ன்னு ஹெப்சிட்டக் கேட்டான். அந்தப் பிள்ளை சிரிச்சது பாரு, அப்போவே எனக்குத் தெரிஞ்சிருச்சு.

அப்புறம் என்ன, ஈஸ்டர் முடிஞ்சு நிச்சயம். இன்னைக்குக் கல்யாணம். அதுக்குத்தான் போறேன், மாப்பிள்ளை வீட்டுக் கோயில்ல. எமிலி பிடிச்ச வேன்ல எனக்கு இடம் இல்லையாம். செல்லையாவுக்கு இடம் இருக்கு! எனக்கு இல்லை. அன்னையிலிருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. மாப்பிள்ளை அமைஞ்சது அவளுக்குச் சந்தோஷந்தான். ஆனா, "கனகத்தக்காவுக்கு வாக்குன்னா கிலோ என்ன விலை? அந்தம்மா நல்லவங்களா இருக்கப்போய்த் தப்பிச்சோம்"னு ஊர் முழுக்கச் சொல்லிட்டா. மாவு மில்லுல நான் போனாப் பேச்சு நின்னுருது. ஐயர்கூட, "லெந்துல எதையோ விட்டேன்னு சொன்னீங்களே, அது என்னதும்மா?"ன்னு கேட்டார். எப்படி இருக்கும் எனக்கு?

ஹெப்சிதான் சொல்லச் சொன்னதுன்னு நான் இதுவரைக்கும் ஒரு ஆள்கிட்டச் சொல்லலை. என் வீட்டுக்காரர்கிட்டகூட. இப்போ உன்கிட்டச் சொல்றேன்னா, உனக்கு அவங்க யாரையும் தெரியாதுல்லா, அதனாலதான்.

நேத்து அந்த நர்ஸம்மா போன் பண்ணினாங்க. குரலே கேட்கலை, நாலு தடவை "என்னது, என்னது"ன்னேன். பந்திக்கு முன்னாடி மைக்குல நான்தான் ஜெபம் பண்ணணுமாம். ஐயர் இருப்பாரேன்னேன். "அவர் கோயில்ல பண்ணட்டும். சாப்பாட்டுக்கு நீங்க பண்ணுங்க"ன்னுட்டாங்க. இதைக் கேட்டு எமிலி என்ன செஞ்சாளோ. நான் விசாரிக்கலை. மயங்கித்தான் விழுந்திருப்பா.

வழியெல்லாம் ஜெபத்தை மனசுல ஓட்டிப் பார்த்துக்கிட்டே வர்றேன். இதுதான்: "ஆண்டவரே, இந்த ரெண்டு பிள்ளைகளையும் ஆசீர்வதியும். அவள் எங்கே உட்கார்ந்தாலும் அவன் வலது பக்கம் வந்து உட்காரட்டும். இந்தச் சாப்பாட்டையும் ஆசீர்வதியும். ஆமென்."

நல்லாத்தான் இருக்குல்லா? ஆனா மைக்குக்கு ரொம்பக் குட்டியா இருக்கு. எல்லாரும் இருப்பாங்க பாரு. எமிலி, ஐயர், வாத்தியார், மில்லுக்கு வர்ற பொம்பளைங்க, நாலு செல்லையாவும். எல்லாரும் கண்ணை மூடியிருப்பாங்க. நடுவுல யாரும் நிப்பாட்ட முடியாது. "அன்னைக்கு நான் ஏன் சொன்னேன், யார் கேட்டுச் சொன்னேன் என்பதை நீர் அறிவீர்"னு ஒரே ஒரு வரி. பேர்கூடச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வரியில எனக்கு வந்த கெட்ட பேர் போயிரும். திரும்புறப்போ வேன்லயும் முன் சீட்டு கிடைக்கும்.

எமிலிக்குப் புரிஞ்சிரும். கல்யாணச் சேலையோட நிக்கிற மகளைத் திரும்பிப் பார்ப்பா. ஹெப்சி என்னைப் பார்க்கும்.

என்னம்மா பேசாமலே வர்றே? நானும் பார்க்கிறேன், நான் உட்கார்ந்ததிலிருந்து நீ வாயே திறக்கலை. இதோ பாலம் வந்துட்டு, அடுத்து நான் இறங்கணும். சட்டுன்னு சொல்லு. அந்த வரி வேண்டாம்தானே? எனக்குத் தெரியும், வேண்டாம்னு. இருந்தாலும் யாராவது ஒருத்தர் வாய் திறந்து சொல்லிட்டா நல்லா இருக்கும். சத்தமாச் சொல்லு, பஸ் இரைச்சல்ல கேட்கலை.

ஆங். அப்படிச் சொல்லு.

சரி, வர்றேன்மா. அந்தப் பையை மட்டும் எடுத்துக் கொடு.